மயில்துத்தம் சொன்ன சேதி

எழுபதைத் தாண்டியவர்களுக்கு இது நினைவிருக்கும். சர்க்கரை வியாதிக்காரர் இருந்த வீடுகளில் கொல்லைப்புறத் திண்ணையிலோ சமையலறை ஜன்னலோரத்திலோ ஒரு சிறு ஆய்வுக்கூடம் இருந்தது. ஒரு ஸ்பிரிட் விளக்கு, ஒரு டெஸ்ட் ட்யூப், அதைப் பிடிக்க ஒரு கவ்வி, நீலத் திரவம் நிறைந்த ஒரு பாட்டில். பாட்டிலின் மேல் ‘பெனடிக்ட் கரைசல்’ என்று ஒட்டியிருக்கும். வீட்டுப் பெண்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நகர்ந்து போவார்கள். பெரியவர் மட்டும் குழாயை விளக்கில் காட்டி, நிறம் மாறுகிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இன்றைய பேரன் பேத்திகளுக்கு இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் விரல் நுனியில் ஒரு குத்து, ஐந்து விநாடியில் ஓர் எண். ஆனால் அந்த எண் வருவதற்கு முன்னால் சுமார் முந்நூறு வருஷத்துக் கதை இருக்கிறது. அதன் நடுப்பகுதியை நம் தலைமுறை கண்ணால் கண்டது. அதை எழுதிவைக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

நாக்கும் எறும்பும் எண்ணெயும்

ரசாயனத்தில் ஒரு பொருளைக் கண்டுபிடிக்க இன்னொரு பொருளை அதோடு சேர்த்து, என்ன நடக்கிறது என்று பார்க்கிறோம். சேர்க்கும் அந்தப் பொருளுக்கு ‘ரீஏஜென்ட்’ என்று பெயர். பாடப்புத்தகத் தமிழில் வினைப்பொருள். ஒருவகையில் அது நாம் கேட்கும் கேள்வி. நிறம் மாறினாலோ, வண்டல் படிந்தாலோ, நுரைத்தாலோ அதுவே பதில்.

இப்படிக் கேட்கும் பழக்கம் நம் நாட்டுக்குப் புதிதல்ல. நம் சித்த வைத்தியர்களிடம் நீர்க்குறி, நெய்க்குறி என்ற சோதனை உண்டு. தேரையர் பெயரால் அதற்கு நூலும் உண்டு. விடிகாலைச் சிறுநீரை ஒரு பாத்திரத்தில் எடுத்து, அதன் நிறம், மணம், நுரை, எடை எல்லாவற்றையும் பார்ப்பது நீர்க்குறி. அதன்மேல் ஒரு துளி நல்லெண்ணெயை அசையாமல் விட்டு, அது எப்படிப் பரவுகிறது என்று பார்ப்பது நெய்க்குறி. பாம்புபோல் நீண்டால் வாதம், மோதிரம்போல் வளைந்தால் பித்தம், முத்துப்போல் நின்றால் கபம் என்பது கணக்கு. கணக்கு சரியா தவறா என்பது வேறு விவாதம். ஆனால் ஒன்றின்மேல் இன்னொன்றை விட்டு அதன் நடத்தையைக் கவனிக்கும் முறை அங்கேயே இருக்கிறது.

இனிப்பு நீர் வியாதிக்கு மதுமேகம் என்று பெயர் வைத்ததும் நம்மவர்கள்தான். மது என்றால் தேன். அந்தச் சிறுநீரை எறும்பு மொய்க்கும் என்று பழைய ஆயுர்வேத நூல்கள் சொல்கின்றன. மேல்நாட்டில் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1674-இல் அந்தச் சிறுநீர் தேன்போல, சர்க்கரைபோல இனிக்கிறது என்று எழுதினார். எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்காதீர்கள். அன்றைக்கு மருத்துவரின் நாக்குதான் ஆய்வுக்கூடம்.

நூறு வருஷம் கழித்து, 1776-இல், லிவர்பூலைச் சேர்ந்த மாத்யூ டாப்சன் ஒரு நோயாளியின் சிறுநீரைச் சுண்டக் காய்ச்சினார். வெல்லப்பாகு காய்ச்சுவதுபோல்தான். அடியில் வெள்ளையாக ஒரு பொடி தங்கியது. பார்வைக்கும் ருசிக்கும் சர்க்கரை. அந்த நோயாளியின் ரத்த நீரும் இனித்தது. அப்படியானால் கோளாறு சிறுநீரகத்தில் மட்டும் இல்லை, உடம்பு முழுவதும் ஓடும் ரத்தத்தில் இருக்கிறது என்ற எண்ணம் அங்கே தொடங்கியது.

பிரெஞ்சு வகுப்பில் படித்தது

நான் சிறுவயதில் படித்தது பிரெஞ்சு வழியில். வினைப்பொருளுக்கு அங்கே ‘ரியாக்திஃப்’ என்று பெயர். ஆசிரியர் ஒருநாள் ‘லிக்கர் த ஃபெலிங்’ என்று கரும்பலகையில் எழுதியதும் பின்வரிசையில் குபீரென்று சிரிப்பு. நாங்கள் புதுச்சேரிப் பிள்ளைகள். லிக்கர் என்றால் எங்களுக்குத் தெரிந்த அர்த்தம் வேறு. அவர் கோபித்துக்கொள்ளாமல் இரண்டு பாட்டிலில் இருந்து ஊற்றிக் கலந்து, திராட்சைச் சாற்றில் கொஞ்சம் சேர்த்துச் சூடுகாட்டினார். ஆழ்ந்த நீலம் கலங்கி, மஞ்சளாகி, செங்கல்பொடி கரைத்ததுபோல் சிவந்தது. சிரிப்பு அடங்கிவிட்டது.

பிரெஞ்சு ஆசிரியர்களுக்குத் தங்கள் நாட்டு விஞ்ஞானிகள் பேரில் அபாரப் பெருமை. இந்த விஷயத்தில் அது நியாயம்தான். நீரிழிவுச் சிறுநீரில் இருப்பது கரும்புச் சர்க்கரை அல்ல, திராட்சையில் உள்ள சர்க்கரை என்று 1815-இல் காட்டியவர் மிஷெல் யூஜேன் ஷெவ்ரல். 102 வயது வரை வாழ்ந்த மனிதர். அந்தச் சர்க்கரைக்குத்தான் பின்னால் குளுக்கோஸ் என்று பெயர் வந்தது.

அதன்பிறகு, சுண்டக் காய்ச்சாமல், நாக்கில் வைக்காமல், அதைக் கண்ணால் காண வழி என்ன என்ற தேடல். 1841-இல் ஜெர்மானியர் டிராம்மர், செம்பு உப்பும் காரமும் சேர்த்துச் சூடாக்கினால் குளுக்கோஸ் அதைச் சிவக்கவைக்கும் என்று கண்டார். ஆனால் காரத்தில் செம்பு தங்காது. கட்டி கட்டியாகக் கீழே படிந்துவிடும். 1844-இல் பாரிஸில் ஷார்ல் பாரெஸ்வில், டார்ட்டாரிக் உப்பைச் சேர்த்துச் செம்பைக் கரைசலிலேயே பிடித்துவைத்தார். 1848 வாக்கில் ஸ்டுட்கார்ட்டின் ஹெர்மன் ஃபெலிங், எவ்வளவு கரைசலுக்கு எவ்வளவு சர்க்கரை என்று அளவு கட்டினார். பெயர் ஃபெலிங்குக்குப் போய்விட்டது. எங்கள் ஆசிரியருக்கு அதில் கடைசிவரை வருத்தம்.

ஃபெலிங் சேர்த்த உப்புக்கும் பிரெஞ்சு ஊர்ப் பெயர்தான்: ரோஷெல் உப்பு. லா ரோஷெல் துறைமுகத்து மருந்துக்கடைக்காரரான சேஞெத் குடும்பத்தார் பதினேழாம் நூற்றாண்டில் பேதி மருந்தாக விற்ற சரக்கு அது.

பாரெஸ்வில்லோடு சேர்ந்து வேலை பார்த்தவர் கிளோட் பெர்னார். அவர் 1848-இல் இந்தச் செம்புக் கரைசலைக் கொண்டு ஒரு பெரிய உண்மையைப் பிடித்தார். சர்க்கரையே சேராத உணவு தின்ற நாயின் கல்லீரலிலும் சர்க்கரை இருந்தது. உடம்பே சர்க்கரையைத் தயாரிக்கிறது என்று அதுவரை யாருக்கும் தெரியாது. ‘நான்தான் ஜீனியே தொடுவதில்லையே, எனக்கு எப்படி வந்தது?’ என்று இன்றைக்கும் லால்குடி கடைத்தெருவில் கேட்கிறார்கள். அதற்கு முதல் பதில் 1848-இல் ஒரு சோதனைக் குழாயில் கிடைத்தது.

இன்னொருவர் பூஷர்தா. பாரிஸ் மருந்தாளர், மருத்துவர். 1870-71-இல் ஜெர்மன் படை பாரிஸை முற்றுகையிட்டபோது ஊரில் சாப்பாட்டுக்கே பஞ்சம். அப்போது தன் நோயாளிகள் சிலருக்குச் சிறுநீரில் சர்க்கரை குறைந்து மறைந்ததைக் கவனித்தார். குறைவாகச் சாப்பிடு, உடம்பை அசைத்து வேலை செய், உன் சிறுநீரை நீயே தினமும் சோதித்துப் பார் என்பதுதான் அவர் போதனை. நோயாளியின் கையிலேயே சோதனையைக் கொடுத்தது அந்தக் காலத்துக்குப் பெரிய துணிச்சல்.

மூன்று சரக்கும் ஒரு படி தண்ணீரும்

ஃபெலிங் கரைசலில் ஒரு தொல்லை. செம்பு ஒரு பாட்டில், காரமும் உப்பும் இன்னொரு பாட்டில். சேர்த்து வைத்தால் கெட்டுவிடும். உபயோகிக்கும் நேரத்தில்தான் கலக்கவேண்டும். அதிலுள்ள காரம் எரிசோடா. கையில் பட்டால் புண். சிறுநீரில் கொஞ்சமாக இருக்கும் சர்க்கரையை அந்தக் காரமே அழித்தும் விடும். இதைத் தீர்த்தவர் அமெரிக்கர் ஸ்டான்லி ராசிட்டர் பெனடிக்ட். 1908-09-இல் தன் கரைசலை வெளியிட்டபோது அவருக்கு இருபத்தைந்து வயதுகூட நிரம்பியிருக்குமோ என்னவோ, அவ்வளவுதான் வயது.

அவருடைய பக்குவம் இதுதான். மயில்துத்தம் 17.3 கிராம், சோடியம் சிட்ரேட் 173 கிராம், நீரற்ற சோடியம் கார்பனேட் 100 கிராம். எல்லாம் சேர்த்து ஒரு லிட்டர் தண்ணீரில். மயில்துத்தம் நாட்டு மருந்துக்கடைச் சரக்கு. சுண்ணாம்போடு கலந்து போர்டோ கலவையாகக் கொடிக்கும் மரத்துக்கும் தெளித்தவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். சோடியம் கார்பனேட் என்பது சலவைச் சோடா. சிட்ரேட் எலுமிச்சைப் புளிப்பிலிருந்து வரும் உப்பு. நாட்டு மருந்துக்கடை, வண்ணார் வீடு, எலுமிச்சம்பழம் என்று மூன்றும் எளிய இடத்துச் சரக்கு. எரிசோடா இல்லை. ஒரே பாட்டில். மாதக்கணக்கில் கெடாது.

சோதனை எப்படி என்றால், குழாயில் 5 மில்லி கரைசல், அதில் எட்டுச் சொட்டு சிறுநீர். குழாயின் வாயை ஆள் இல்லாத பக்கம் திருப்பிக்கொண்டு இரண்டு நிமிஷம் கொதிக்கவிட்டு ஆறவைக்கவேண்டும். நீலம் மாறாவிட்டால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் நூற்றுக்கு அரை. மஞ்சள் என்றால் ஒன்று. ஆரஞ்சு என்றால் ஒன்றரை. செங்கல் சிவப்பு என்றால் இரண்டும் அதற்கு மேலும். ரிப்போர்ட் சீட்டில் ஒரு பிளஸ், இரண்டு பிளஸ் என்று போடுவார்களே, அது இந்த வரிசைதான்.

உள்ளே நடப்பது இவ்வளவுதான். நீலச் செம்பிலிருந்து சூட்டில் குளுக்கோஸ் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்கிறது. பறிகொடுத்த செம்பு சிவப்பு ஆக்சைடாகக் கரைசலை விட்டு வெளியே வந்து படிகிறது. சிட்ரேட்டின் வேலை, அதுவரை செம்பைக் காரத்தில் படியவிடாமல் தூக்கிப் பிடிப்பது. சிவப்பு கொஞ்சமாக வந்தால் மிச்ச நீலத்தோடு கலந்து பச்சையாகத் தெரிகிறது. நிறைய வந்தால் நீலமே தீர்ந்துபோகிறது.

ஒரு வேடிக்கை. நாம் காப்பியில் போடும் ஜீனியைக் கரைத்து இதில் விட்டுக் கொதிக்கவைத்தால் நீலம் அப்படியே இருக்கும். ஜீனியில் குளுக்கோஸ் இன்னொரு சர்க்கரையோடு கைகோத்துக்கொண்டிருக்கிறது; பிடுங்கக் கை ஓய்வில்லை. மறுபக்கம், பால் கொடுக்கும் தாய்மாரின் சிறுநீரில் பால் சர்க்கரை கலந்து வரலாம். அது கரைசலைப் பச்சையாக்கிவிடும். வைட்டமின் சி அளவுக்கு மிஞ்சிப் போனாலும் அப்படியே. ஆக, பெனடிக்ட் கரைசலுக்குக் குளுக்கோஸைத் தெரியாது. ஆக்சிஜனைப் பிடுங்கத் தெரிந்த யார் வந்தாலும் அதற்குத் திருடன்தான்.

ஸ்டான்லி ஆஸ்பத்திரியும் நம் வீடுகளும்

1922 ஜனவரியில் கனடாவின் டொரண்டோ நகரில் முதல் முறையாக ஒரு பையனுக்கு இன்சுலின் போடப்பட்டது. அதுவரை சர்க்கரை இருப்பதைக் கண்டுபிடித்தாலும், குழந்தைகளாக இருந்தால், பட்டினி போடுவதைத் தவிர வைத்தியம் இல்லை. இன்சுலின் வந்தபின் தினசரிச் சோதனை உயிர் காக்கும் வேலை ஆயிற்று. எவ்வளவு மருந்து என்பதைக் குழாயின் நிறம்தானே சொல்லவேண்டும்?

நம் மாநிலத்தில் இந்த நோய்க்கென்று தனித் துறை வந்தது 1948-இல், சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில். அதைத் தொடங்கியவர் டாக்டர் எம். விஸ்வநாதன். இந்தியாவிலேயே முதல் நீரிழிவுத் துறை அது என்பார்கள். 1954-இல் ராயபுரத்தில் நீரிழிவுக்கென்றே மருத்துவமனையும் தொடங்கினார். பணக்கார வியாதி என்று ஒதுக்கிவைத்த காலத்தில், அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பவனுக்கும் இது வரும் என்று கண்டவர். அப்படி வரிசையில் நின்றவர்களுக்கு எட்டியது ரத்தச் சோதனை அல்ல. இந்த நீலக் கரைசல்தான். ரத்தச் சர்க்கரை பார்க்க நரம்பிலிருந்து ரத்தம் எடுக்கவேண்டும், தெளியவைக்கவேண்டும், ஃபோலின்-வூ முறையில் நிறமாக்கி அளக்கவேண்டும். அதற்குக் கருவியும் படித்த ஆளும் வேண்டும். குழாயும் விளக்கும் எந்தச் சிற்றூருக்கும் போகும்.

வேலைக்கு வந்தபின் நான் இந்தக் கரைசலை மறுபடி சந்தித்தது இண்டெண்ட் காகிதத்தில். மருத்துவத்துறை சார்ந்த அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்தேன். ஸ்டோர் லெட்ஜர் என் மேஜையில். பெனடிக்ட் கரைசல், ஆல்புமின் பார்க்க சல்போசாலிசிலிக் அமிலம், ரத்தப் பூச்சுக்கு லீஷ்மன் சாயம், மலேரியாவுக்கு ஜே.எஸ்.பி. சாயம் (ஜஸ்வந்த் சிங், பட்டாசார்ஜி என்ற இரு இந்தியர்களின் பெயர் அதில் இருக்கிறது என்று பின்னால்தான் அறிந்தேன்). தணிக்கைக்கு வந்த ஒருவர், ஒரே உப்புக்கு இரண்டு விலை எப்படி என்று சிவப்பு மையில் கேள்வி எழுதிவிட்டார். ஒன்று எல்.ஆர்., மற்றது ஏ.ஆர். முன்னது சாதாரண ஆய்வுக்கூடத் தரம். பின்னது பகுப்பாய்வுக்கான சுத்தத் தரம். லேப் டெக்னீஷியன் எனக்குச் சொன்ன விளக்கத்தைப் பதிலாக எழுதினேன்: ‘கேட்பவனே கறைபட்டிருந்தால் பதில் யாருடையது என்று தெரியாது.’ மேலதிகாரி சிரித்துவிட்டு, அரசாங்க நடையில் மாற்றி எழுதச் சொன்னார். ஆட்சேபம் கைவிடப்பட்டது.

கொள்ளிடத்தைப் பார்த்துக் காவிரியை அளப்பது

இனிச் சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையின் காரணம்.

என் மாமனார் லால்குடியில் ஒரு ரைஸ் மில்லில் கணக்கு எழுதியவர். நாற்பத்தைந்து வயதில் சர்க்கரை. மனிதர் ஒழுங்குக்குப் பேர்போனவர். விடிந்ததும் குளியலுக்கு முன்னால் குழாயும் விளக்குமாக உட்கார்ந்துவிடுவார். பழைய மில் நோட்டில் தேதி போட்டு ஓர் எழுத்து: நீலம் என்றால் ‘நீ’, பச்சை என்றால் ‘ப’, மஞ்சள் ‘ம’, சிவப்பு ‘செ’. வருஷக்கணக்காக அந்த நோட்டு ஓடியது. அறுபதைத் தாண்டியபின் பக்கம் பக்கமாக ‘நீ’, ‘நீ’, ‘நீ’. அவருக்கும் சந்தோஷம், எங்களுக்கும் சந்தோஷம். மத்தியானம் ஒரு கை சாதம் கூடியது. ராத்திரி ஒரு ரஸ்தாளிப் பழம் சேர்ந்துகொண்டது.

1981-இல் செருப்புக் கடித்துக் காலில் ஒரு புண். ஆறவில்லை. திருச்சிக்கு அழைத்துப் போனோம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை 280. அன்று காலையில்கூட நோட்டில் ‘நீ’ எழுதியிருந்தார். முதலில் இரண்டு விரல் போயிற்று. நாலு மாதத்தில் முழங்காலுக்குக் கீழே கால் போயிற்று.

டாக்டர் எங்களுக்குப் பொறுமையாக விளக்கினார். ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் சிறுநீரகம் அதை வெளியே விடும். அதுவரை எவ்வளவு இருந்தாலும் குழாயில் நீலம்தான். வயதாக ஆக, வியாதி பழக்கமாக ஆக, அந்த வரம்பும் பலருக்கு உயர்ந்துகொண்டே போகும். அதோடு, காலை வெறும்வயிற்றில் சர்க்கரை குறைவாக இருந்து, சாப்பாட்டுக்குப் பின் ஏறுகிறவர்கள் உண்டு.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். லால்குடியிலிருந்து திருச்சிக்குப் பஸ்ஸில் போகும்போது கொள்ளிடம் பாலத்தில் எட்டிப் பார்ப்போம். மணல் வெறுமையாகக் கிடக்கும். அதனால் காவிரியில் தண்ணீர் இல்லை என்று சொல்லிவிட முடியுமா? முக்கொம்பு மேலணையில் காவிரிக்குப் போக மிஞ்சியது வழிந்தால்தான் கொள்ளிடத்தில் வெள்ளம். ஆர்தர் காட்டன் 1830-களில் அந்த அணையைக் கட்டியதே அதற்காகத்தான். காவிரி கரை தளும்ப ஓடும் நாளிலும் கொள்ளிடம் காய்ந்து கிடக்கலாம். ரத்தம் காவிரி, சிறுநீர் கொள்ளிடம். சிறுநீரகம் நடுவில் நிற்கும் முக்கொம்பு. அணையின் மட்டம் உயர்ந்துவிட்டால் கொள்ளிடத்துக்குச் சேதியே வராது.

மாமனார் அதற்குப் பின் ஆறு வருஷம் இருந்தார். ஒருநாள் ஊன்றுகோலோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் என்னிடம் சொன்னார்: “குழாய் பொய் சொல்லலை மாப்பிள்ளை. காலையில என்ன இருக்குன்னு கேட்டேன், அது சொல்லிச்சு. மத்தியானம் நான் கேட்கவே இல்லையே.” அந்த நோட்டு இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

பூசணமும் குதிரை முள்ளங்கியும்

செம்புக்குப் போட்டியாக வந்தது காகிதம். 1956-இல் அமெரிக்காவின் எல்கார்ட் ஊரில் ஏம்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஹெலன் ஃப்ரீ, ஆல்ஃபிரட் ஃப்ரீ தம்பதியின் ஆராய்ச்சியில் ‘கிளினிஸ்டிக்ஸ்’ என்ற பட்டை வெளிவந்தது. சிறுநீரில் நனைத்து எடுத்தால் போதும். விளக்கு வேண்டாம், நாற்றம் வேண்டாம். அதில் இருந்த வினைப்பொருள் உப்பு அல்ல, நொதி. குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற அந்த நொதி குளுக்கோஸை மட்டுமே தொடும்; பால் சர்க்கரையைச் சீண்டாது. பெரிய வெங்காயத்தின் தோலில் கரி பூசினதுபோல் படருமே ஒரு கருப்புப் பூசணம், அந்த இனத்திலிருந்து எடுப்பது அது. அதற்குத் துணையாக நிறத்தைக் காட்டும் இன்னொரு நொதி குதிரை முள்ளங்கி என்ற கிழங்கிலிருந்து வருகிறது.

இதற்கும் ஒரு குறை உண்டு. வைட்டமின் சி அதிகமானால் பெனடிக்ட் கரைசல் இல்லாத சர்க்கரையை இருக்கிறது என்று சொல்லும். இந்தப் பட்டையோ இருக்கிற சர்க்கரையை இல்லை என்று சொல்லிவிடும். குற்றம் செய்வதிலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி.

1960-களின் நடுவில் அதே கம்பெனி ரத்தத்துக்கும் பட்டை செய்தது. 1970-இல் அதன் நிறத்தைப் படிக்க ஒரு மீட்டர் வந்தது. ஏறக்குறைய ஒரு கிலோ எடை. இன்று சட்டைப்பையில் இருப்பது அதன் பேரப்பிள்ளை. உள்ளே இப்போதும் ஒரு நொதிதான். நிறத்துக்குப் பதில் மின்சாரத் துளியை அளக்கிறது, அவ்வளவே. லேபில் குழாயில் இளஞ்சிவப்பாக ஒரு நிறம் வருமே, அதுவும் பூசணம், முள்ளங்கி நொதிகளின் கூட்டு வேலைதான்.

லேபில் ரத்தம் கொடுக்கும்போது சர்க்கரைக்கு மட்டும் சாம்பல் மூடி போட்ட குழாயில் எடுப்பதைக் கவனித்திருப்பீர்கள். அதில் சோடியம் ஃப்ளோரைடு இருக்கிறது. உடம்பை விட்டு வெளியே வந்தாலும் ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். அந்த வாயைக் கட்டுவதற்குத்தான் ஃப்ளோரைடு. சாதாரணக் குழாயில் எடுத்து மூன்று மணி நேரம் வைத்திருந்தால், நல்ல சேதி மாதிரி ஒரு பொய்ச் சேதி வரும்.

கடைசியாக எச்.பி.ஏ.ஒன்.சி. சர்க்கரை ஏறின ரத்தத்தில் ஹீமோகுளோபினின் ஒரு வகை மிகுந்திருப்பதை ஈரானைச் சேர்ந்த சாமுவேல் ரஹ்பர் 1968-69-இல் கண்டார். சர்க்கரை ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்கிறது. சிவப்பணு இருக்கும்வரை ஒட்டியபடியே இருக்கிறது. அதனால் கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சராசரியை அது சொல்லும். 2011-இல் உலக சுகாதார நிறுவனம் நோயைக் கண்டறியவே இதை ஏற்றுக்கொண்டது, 6.5 சதவீதம் அதற்கான கோடு. பரிசோதனைக்கு முந்தின நாள் மட்டும் பட்டினி கிடந்து டாக்டரை ஏமாற்றும் நம் வித்தை இதனிடம் பலிக்காது. ஆனால் ரத்தசோகை உள்ளவர்களுக்கு இதுவும் தடுமாறும். அதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும்.

இப்போது நாம் நிற்கும் இடம்

2023-இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நாட்டில் நீரிழிவுக்காரர்கள் 10.1 கோடி, அதன் வாசலில் நிற்பவர்கள் 13.6 கோடி. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வந்து விரலில் குத்திப் பார்க்கிறார்கள், மாத்திரையும் கொடுக்கிறார்கள். ஸ்பிரிட் விளக்கோடு போராடிய தலைமுறைக்கு இது கனவிலும் வராத வசதி.

ஆனால் வசதி கூடியும் பழக்கம் மாறவில்லை என்பதை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். வெறும்வயிற்று எண் 110 என்று வந்தால் அதை நல்ல மார்க் வாங்கிய பிள்ளைபோல் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்து எவ்வளவு, மூன்று மாதச் சராசரி எவ்வளவு, பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா, கண்ணின் பின்திரையைப் பார்த்தாயிற்றா, சிறுநீரில் ஆல்புமின் போகிறதா என்று கேட்டால் முகம் மாறுகிறது. மீட்டர் மாறியிருக்கிறது, நோட்டில் ‘நீ’ எழுதும் மனசு மாறவில்லை.

எந்த வினைப்பொருளும் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். பெனடிக்ட் கரைசலும் அப்படித்தான், இன்றைய பட்டையும் அப்படித்தான். ஆகவே காலை எண்ணோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது மேலே சொன்ன ஐந்து கேள்விகளையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி படுக்கப்போகும் முன் கால் விரல் இடுக்கையும் உள்ளங்காலையும் ஒரு தடவை பாருங்கள். குனிய முடியாவிட்டால் ஒரு கைக்கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். அதற்கு எந்த வினைப்பொருளும் வேண்டாம்.